கல்லோடு ஊரையும் எழுதி வையுங்கள்

சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் கல் சேர்க்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு,



உங்களில் பலரை இந்தப் பக்கம் இழுத்து வந்தது சித்தம்பூண்டிக் கல்லைப் பற்றிய செய்திதான் என்று அறிவேன். நாமக்கல் மண் நிலவுக்குப் போய்விட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நடந்தது வேறு. சந்திரயான் 2இன் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதித்துப் பார்க்க இஸ்ரோவுக்கு நிலவின் தரையைப் போன்ற ஒரு தரை வேண்டியிருந்தது. நிலவில் வெளிறித் தெரியும் மேட்டுப் பகுதிகள் பெரும்பாலும் அனார்த்தசைட் என்ற பாறையால் ஆனவை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் நிலத்துக்கு மேலேயே தெரிகிறது. அதில் சுமார் 50 டன் எடுத்து, பொடியாக அரைத்து, பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பரப்பி, அதன்மேல் கருவிகளை இயக்கிப் பார்த்தார்கள். நம் கல் பூமியை விட்டு எங்கும் போகவில்லை. ஆனால் நிலவுக்குப் போகும் வண்டி முதலில் அதன்மேல்தான் உருண்டது. 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறைக்கு இது சிறிய பெருமை இல்லை.

இந்தக் கதையில் செய்தித்தாள்கள் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி இருக்கிறது. இஸ்ரோ தேடியபோது அந்தப் பாறை இங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் இருந்தது எப்படி? நிலவில் மனிதன் கால்வைப்பதற்கு முன்பே, 1956இல், ஏ.பி. சுப்பிரமணியம் என்ற நிலவியலாளர் சித்தம்பூண்டிப் பாறைகளை ஆராய்ந்து, எந்தக் கனிமம் எந்த இடத்தில் எதனோடு சேர்ந்து கிடக்கிறது என்று விரிவாக எழுதி வைத்தார். அப்போது அது சேலம் மாவட்டம். அந்தப் பாறை நிலவோடு உறவுள்ளது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. எழுதி வைத்த ஊர்ப்பெயர் மட்டும் காத்திருந்தது.

இந்த மடல் முழுவதும் நான் கேட்கப் போவது அந்த ஒன்றைத்தான். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு கல்லோடும் அதன் இடத்தை எழுதி வையுங்கள். பல பிள்ளைகள் தங்கள் பெட்டியை ஆசையாகத் திறந்து காட்டுகிறார்கள். கற்கள் அழகாக இருக்கின்றன. எங்கே எடுத்தது என்று கேட்டால், "அங்க, கரூர்ப் பக்கம்" என்கிறார்கள். சிலர் அதுவும் சொல்வதில்லை. எனக்கு அது மனசைப் பிசைகிறது. ஒரு கல்லின் பெயரை இருபது ஆண்டு கழித்தும் சோதித்துக் கண்டுபிடிக்கலாம். அது கிடந்த இடத்தை எந்தச் சோதனையாலும் உறுதியாகத் திரும்பப் பெற முடியாது.

இடத்தைப் பற்றிப் பிறகு இன்னும் சொல்கிறேன். அதற்கு முன் கல்லை அடையாளம் காண்பது பற்றிச் சொல்லியாக வேண்டும். நிறத்தைப் பார்த்துப் பெயர் வைக்கும் பழக்கம் உங்களிடம் வேரூன்றுவதைப் பார்க்கிறேன்.

நிறம் நம்பத் தகுந்ததல்ல. குவார்ட்ஸ் ஒன்றே வெள்ளையாகவும், புகை நிறமாகவும், இளஞ்சிவப்பாகவும், ஊதாவாகவும் கிடைக்கும். ஊதாவுக்குக் காரணம் அதனுள் நுழைந்த துளி இரும்பும், பாறையின் இயற்கைக் கதிர்வீச்சும். மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்தம் என்ற ஒரே கனிமம்தான். துளி குரோமியம் சேர்ந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தால் நீலம். சிவப்பாக இருப்பதெல்லாம் மாணிக்கம் என்று நினைத்துக் கார்னெட்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்கள் நம் பக்கம் ஏராளம். கைப்பேசியில் படம் எடுத்து மென்பொருளிடம் பெயர் கேட்பதையும் இதே காரணத்துக்காக நான் ஏற்பதில்லை. படம் கல்லின் நிறத்தையும் உருவத்தையும் மட்டுமே காட்டும். அதன் எடையை அது அறியாது, கீறிப் பார்க்காது, உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்க்காது.

கொங்குச் சீமையில் கல் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பாடம் நான்கு வெள்ளைக் கற்கள். நான்கும் நம் காட்டில், வரப்பில், ஓடையில் கிடப்பவை. வெங்கச்சங்கல் என்று சொல்கிறோமே, அது குவார்ட்ஸ். மழை பெய்த மறுநாள் செம்மண் காட்டில் பளிச்சென்று தெரிவது. இரண்டாவது ஃபெல்ட்ஸ்பார். மூன்றாவது சேலத்து வெள்ளக்கல், அதாவது மேக்னசைட். நான்காவது கரிசலிலும் ஓடைக்கரையிலும் முண்டுமுண்டாக வரும் சுக்கான்கல். நான்கையும் மேசையில் வைத்துப் பார்த்தால் புதியவருக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். இவற்றைப் பிரிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வித்தை கைக்கு வந்துவிடும்.

முதலில் பேனாக்கத்தி. சுக்கான்கல்லில் கத்தி எளிதாக இறங்கும். வெள்ளக்கல்லிலும் கீறல் விழும், கொஞ்சம் அழுத்த வேண்டும். ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சாதாரணக் கத்திக்கு மசியாது. திருப்பி அவை கண்ணாடியைக் கீறும். இங்கே ஓர் எச்சரிக்கை. கத்தி வழுக்கிப் போன இடத்தில் இரும்புத் தடம் படிந்து கீறலைப் போலத் தெரியும். ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். அழிந்தால் அது தடம், நின்றால் கீறல்.

அடுத்தது உடைந்த முகம். குவார்ட்ஸ் உடைந்தால் பாட்டில் கண்ணாடி உடைந்ததுபோல் வளைந்த முகம் தெரியும். ஃபெல்ட்ஸ்பார் அப்படியில்லை. கிட்டத்தட்டச் செங்கோணத்தில் சந்திக்கும் இரண்டு தட்டையான தளங்களில் பிளக்கும். வெயிலில் பிடித்து மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் தளம் முழுவதும் ஒரே சமயத்தில் மின்னும். அந்த மின்னலை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. காங்கேயம் பக்கத்து நிலாக்கல்லும் ஃபெல்ட்ஸ்பார் குடும்பம்தான். இரண்டு வகை ஃபெல்ட்ஸ்பார் மிக மெல்லிய அடுக்குகளாக மாறி மாறிப் படிந்திருப்பதால் உள்ளே ஒளி நகர்கிறது.

மூன்றாவது புளிப்பு. சுக்கான்கல்லைக் கொஞ்சம் சுரண்டி அந்தப் பொடியின்மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டால் நுரைக்கும். அதில் இருப்பது கால்சியம் கார்பனேட். வெள்ளக்கல் மெக்னீசியம் கார்பனேட். குளிர்ந்த அமிலத்துக்கு அது பெரும்பாலும் அசையாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சூடாக்கினால்தான் நுரைக்கும். இதைப் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தை வீட்டில் எடுத்து விளையாட வேண்டாம்.

சேலத்து வெள்ளக்கல் கிடக்கும் இடத்தைப் பார்த்தாலே அதன் கதை விளங்கும். ஆலிவின் என்ற கனிமம் நிறைந்த, பழுப்பும் பச்சையும் கலந்த டியூனைட் பாறை. அதில் வலை பின்னியதுபோல் ஓடும் வெள்ளை நரம்புகள். கரியமில வாயு கலந்த நீர் அந்தப் பாறையின் விரிசல்களில் புகுந்து, ஆலிவினில் இருந்த மெக்னீசியத்தோடு வினைபுரிந்து வெள்ளக்கல்லாகப் படிந்தது. இதைச் சுட்டுக் கிடைக்கும் மெக்னீசியா 2,800 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் உருகும். அதனால்தான் எஃகு உலைகளின் உட்சுவருக்கு இதிலிருந்து செங்கல் செய்கிறார்கள். வெள்ளை நரம்பை மட்டும் பெயர்த்து எடுக்காமல், அது ஒட்டியிருக்கும் பாறையோடு ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறவரின் பெட்டியை நான் மதிக்கிறேன். அந்த ஒரு துண்டில் கல்லும் அது பிறந்த விதமும் சேர்ந்து இருக்கின்றன.

கீறிப் பார்க்கும் சோதனைக்கு வரிசை போட்டவர் ஃபிரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர். 1802 வாக்கில் வியன்னாவில் ஒரு வங்கியாளரின் கனிமச் சேகரிப்பை அடையாளம் கண்டு ஒழுங்குபடுத்தும் வேலைக்கு அமர்ந்தவர். 1812இல் பத்துக் கனிமங்களை மென்மையிலிருந்து கடினத்துக்கு நிறுத்தினார். மாக்கல் என்று நாம் சொல்லும் டால்க் ஒன்று. குவார்ட்ஸ் ஏழு. குருந்தம் ஒன்பது. வைரம் பத்து. சேகரிப்பாளர் ஒருவரின் அலமாரியை ஒழுங்குபடுத்தப் போனவர் உலகத்துக்கே ஓர் அளவுகோலைத் தந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வரும். உங்கள் விரல் நகம் இரண்டரை, கத்தியும் கண்ணாடியும் ஐந்தரைக்கு அருகில் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். காசு கொடுத்து எந்தப் பெட்டியும் வாங்க வேண்டியதில்லை.

வீட்டில் சமையலுக்கு வைத்திருக்கும் மின்தராசு இன்னொரு நல்ல கருவி. கல்லை முதலில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசின்மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கல்லை நூலில் கட்டி அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம் கணக்குதான் கல்லின் கன அளவு. எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. குவார்ட்ஸ் 2.65 வரும், வெள்ளக்கல் மூன்றுக்குப் பக்கம், குருந்தம் நான்கு, மேக்னடைட் என்ற இரும்புத் தாது ஐந்தைத் தாண்டும். சிவப்புக் கல் ஒன்று உங்களிடம் இருந்து, அது நான்கு வந்தாலும் அவசரப்பட வேண்டாம். சில கார்னெட்டுகளும் அதன் அருகில் வரும். அதை ஒரு குவார்ட்ஸ் துண்டின்மேல் இழுத்துப் பாருங்கள். குருந்தம் ஆழமாகக் கீறும். கார்னெட் தயங்கும். எந்தச் சோதனையும் தனியாக முடிவு சொல்லாது. இரண்டு மூன்று ஒரே பக்கம் கைகாட்டும்போதுதான் பெயரை எழுத வேண்டும். அதுவரை "சிவப்புக் கல், ஐயம்" என்று எழுதி வைப்பதில் ஒரு குறையும் இல்லை.

சேலம் பக்கத்துக் கஞ்சமலை அடிவாரத்துக்குப் போகிறவர்கள் ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஓடை மணலில் இழுங்கள். கறுப்புத் துகள்கள் பையோடு ஒட்டிக்கொண்டு வரும். காந்தத்தை வெளியே எடுத்தால் கொட்டிவிடும். அது மேக்னடைட். அந்த மலையில் மேக்னடைட்டும் குவார்ட்ஸும் வரிவரியாகப் படிந்திருக்கின்றன. சேலத்து இரும்புத் தாதை நம்பித்தான் 19ஆம் நூற்றாண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை கட்டினார். குளியலறை டைல்ஸின் பின்பக்கம், மெருகு இல்லாத இடத்தில் மேக்னடைட்டை உரசினால் கறுப்புக் கோடு விழும். இன்னொரு இரும்புத் தாதான ஹேமடைட்டை உரசினால், கல் கறுப்பாகவே இருந்தாலும், கோடு செம்பழுப்பு. நிறத்தை விடக் கோட்டை நம்புங்கள்.

இனி பெரில் என்ற மணிக்கல்லைப் பற்றி. காங்கேயத்தை அடுத்த படியூர் பெரிலுக்குப் பழங்காலத்திலிருந்தே பெயர்பெற்ற இடம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, பெரில் இந்தியாவில் விளைவது, வேறெங்கும் அரிது என்று குறித்திருக்கிறார். கோவை, கரூர் வட்டாரத்தில் ரோமானிய நாணயப் புதையல்கள் கிடைப்பதற்கும் இதற்கும் உறவு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் பெரில், நீலக்கல், படிகம், கார்னீலியன் ஆகியவற்றை அறுத்து மணி செய்த பட்டறைகள் அகழாய்வில் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து அணிகலனுக்குப் பேர்போன ஊராகச் சொல்லும் கொடுமணம் இந்தக் கொடுமணல்தான் என்று கருதுகிறார்கள். பெரிலும் அறுகோணம், குவார்ட்ஸும் அறுகோணம். ஆனால் குவார்ட்ஸின் பக்கங்களில் கோடுகள் குறுக்கே ஓடும், நுனி கூம்பும். பெரிலின் நுனி பெரும்பாலும் வெட்டி வைத்ததுபோல் தட்டை.

கொடுமணல் பெயரைக் கேட்டதும் சைக்கிளை எடுக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே ஒரு மணியையும் எடுக்காதீர்கள். வயலில் தனியாகக் கிடந்தாலும் எடுக்காதீர்கள். பாதி துளைத்த மணி ஒன்று எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதிலிருந்துதான் பட்டறை எங்கே இருந்தது, எந்தக் காலத்தது என்று தொல்லியலாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். நீங்கள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது வெறும் மணி ஆகிவிடும். கண்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். காப்புக்காட்டிலும், குத்தகைக்கு விட்ட சுரங்கத்திலும் எடுக்கக் கூடாது. பட்டா நிலமென்றால் நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டு எடுங்கள். நம் பக்கம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், மோரும் கொடுப்பார்கள். கைவிட்ட குவாரிகளில் தண்ணீர் நின்றால் ஓரத்துக்குக்கூடப் போகாதீர்கள். கல்லை உடைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். நார்நாராகப் பிரியும் கல் கல்நாராக இருக்கக்கூடும். அதை உடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. எந்தக் கல்லையும் நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள்.

அப்படியானால் எங்கே எடுப்பது என்று கேட்பீர்கள். கிணறு வெட்டிய மண்மேடுகள்தான் நம் நாட்டில் கல் சேர்ப்பவருக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. பாறையை வெடிவைத்து ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். வெயிலும் மழையும் அரிக்காத புது முகம் அதில் இருக்கும். எத்தனை அடியில் என்ன கல் வந்தது என்று வெட்டியவரைக் கேட்டால் நினைவாகச் சொல்வார். சாலையோர ஜல்லியும் ரயில் பாதைக் கல்லும் வேறு. அவை எங்கிருந்தோ லாரியில் வந்தவை. சோதனை பழக அவை போதும், இடம் எழுத உதவாது.

விலை பற்றியும் பேசியாக வேண்டும். "இது எவ்வளவுக்குப் போகும்?" என்ற கேள்வி உங்களில் சிலரிடமிருந்து வருகிறது. அந்தக் கேள்வியோடு தொடங்கியவர்கள் கல்லைக் கற்றுக்கொண்டதை நான் பார்த்ததில்லை. விலை தேடுகிறவர் அழகான படிகத்தை மட்டும் பிடுங்கி, அது பதிந்திருந்த பாறையை எறிந்துவிடுவார். சந்தையோ வேறு விதமாகப் பழிவாங்கும். மேக்னசைட்டுக்கு நீலச்சாயம் ஏற்றி டர்க்காய்ஸ் என்று விற்கிறார்கள். நம் வெள்ளக்கல்லின் இனத்தையே நமக்கு அதிக விலைக்குத் தருகிறார்கள். நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் சில சமயம் சாயம் இறங்கிவிடும். ஊதாக் குவார்ட்ஸைச் சூடாக்கி மஞ்சளாக்கி சிட்ரின் என்று விற்பதும் உண்டு. ராசிக்கல் கடையில் கேட்டதை வைத்துக் கனிமம் படிக்க வேண்டாம்.

இப்போது இடத்துக்கு வருகிறேன். ராபர்ட் புரூஸ் ஃபுட் பெயரைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். அவர் நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை செய்தவர். வில்லியம் கிங்கோடு சேர்ந்து சேலம், திருச்சிப் பகுதிகளின் பாறைகளை ஆராய்ந்து 1864இல் வெளியிட்டார். ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் குடியிருந்தார். நாற்பது ஆண்டு சேர்த்த கருவிகளைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் வாங்கிக்கொண்டது. எது எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் தயாரித்த பட்டியல் 1914இல், அவர் இறந்த பிறகு, அச்சானது. இன்றைக்கும் ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஊர்களுக்குப் போகிறார்கள். அதே கருவிகளை ஊர்ப்பெயர் இல்லாமல் ஒரு சாக்கில் விட்டுப் போயிருந்தால், அருங்காட்சியகத்தில் ஒரு மூலையில் கிடந்திருக்கும். 

எழுதும் முறை கடினமில்லை. கல்லின் அழகில்லாத பக்கத்தில் ஒயிட்னரால் ஒரு புள்ளி. காய்ந்ததும் அதன்மேல் ஓர் எண். அதே எண்ணை நோட்டில் எழுதி, தேதி, ஊர், யார் தோட்டம், பக்கத்தில் என்ன அடையாளம் என்று எழுதுங்கள். கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சேர்த்தால் இன்னும் நல்லது. கல் பாறையோடு ஒட்டி இருந்ததா, உதிர்ந்து கிடந்ததா, ஓடையில் உருண்டு வந்ததா என்பது கட்டாயம் வேண்டும். கூடவே வேறு என்ன கற்கள் இருந்தன என்பதும். யாராவது கொடுத்த கல்லென்றால் கொடுத்தவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். பெயரை மட்டும் பென்சிலில் எழுதுங்கள், பெயர் மாறலாம். இடத்தைப் பேனாவில் எழுதுங்கள். காகிதச் சீட்டைக் கல்லோடு பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், சீட்டு மாறும், கரையான் தின்னும். எண் கல்லின்மேலேயே இருக்க வேண்டும்.

உங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடம் ஆய்வகத்தில் ஓர் அலமாரித் தட்டைக் கேளுங்கள். ஒரே கல் இரண்டு இருந்தால் ஒன்றை அங்கே வையுங்கள், அதன் நோட்டுப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கூடவே வையுங்கள். ஐயம் தீராத கற்களைச் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறைக்குக் கொண்டுபோய்க் காட்ட உங்கள் ஆசிரியர் வழியாக அனுமதி கேளுங்கள். சித்தம்பூண்டிப் பாறை விஷயத்தில் இஸ்ரோவுக்கு உதவியவர்களில் அந்தத் துறையினரும் உண்டு.

ஏற்கெனவே உங்களிடம் சேர்ந்துவிட்ட கற்களில் எவை எந்த ஊரில் எடுத்தவை என்று இன்னும் நினைவிருக்கிறதோ, அவற்றுக்கு இன்றைக்கே எண் போட்டு எழுதிவிடுங்கள். புதுக் கல் தேடிப் போவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்களுக்கு முன்பே கல் சேர்க்கத் தொடங்கிய ஒருவர்